மாட்டுத் தாடையில் தொடங்குங்கள்

மட்டக்களப்பில் முலையூட்டிகளின் உயிர்ச்சுவடு தேடி மண்வெட்டியோடு கிளம்ப நினைப்பவருக்கு முதலிலேயே ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். குடும்பிமலையும், உன்னிச்சைப் பக்கம் வயல்களுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும் பாறைகளும் விஜயன் தொகுதி என்று புவியியலாளர் அழைக்கும் உருமாறிய பாறைகள். முலையூட்டி என்ற ஒன்று உலகில் தலைகாட்டுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து நசுங்கி உருவானவை. அவற்றை உடைத்தால் வீடு கட்டச் சல்லிக்கல் கிடைக்கும். வேறொன்றும் கிடைக்காது.

ஆனால் உயிர்ச்சுவட்டுப் பற்களைக் கொண்டு பழைய காலநிலையை வாசிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல ஊர் இல்லை என்பேன். காரணம், இங்கே பட்டி மாடுகளுக்குக் குறைவில்லை. நான் படுவான்கரையில் பிறந்தவள். அப்பாவிடம் எருமைப் பட்டி இருந்தது. இப்போது உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். குதிரையின் கூர்ப்புப் (பரிணாமப்) படத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக வரைகிறார்கள். நாலு விரல், மூன்று விரல், ஒரு விரல் என்று வரிசை பிசகாமல் வருகிறது. பல் ஏன் உயர்ந்தது என்று கேட்டால் "புல் தின்றதால்" என்று ஒரே குரலில் பதில் வரும். ஒரு பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவர் வகுப்பில் எவருமில்லை. குதிரைக்கு நாம் எங்கே போவது? மாடு போதும்.

வேலையைத் தொடங்குமுன் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுதான். பல் மழையைப் பதிவு செய்வதில்லை, வெயிலையும் பதிவு செய்வதில்லை. வாய்க்குள் போனதைத்தான் பதிவு செய்கிறது. பல்லிலிருந்து உணவுக்கு வர வேண்டும், உணவிலிருந்து அங்கே வளர்ந்த தாவரத்துக்கு, தாவரத்திலிருந்து அந்தக் காலத்து மழைக்கும் வெப்பத்துக்கும். ஒவ்வொரு படியிலும் வழுக்கும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள் எழுதிய கட்டுரைகள் நிறைய உண்டு.

எலும்பைத் தேடுதல்

ஆட்டுத் தலைக்குக் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கீழ்த்தாடை மட்டும் போதாது, மேல்தாடையும் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கோடரியால் பிளந்து தந்துவிடுவார்கள். மாட்டு எலும்புக்கு மேய்ச்சற்தரைதான் நல்ல இடம். கோடையின் கடைசியில், புல் கருகி மாடுகள் மெலிந்து விழும் காலத்துக்குப் பிறகு, வெயிலில் வெளுத்த தலைகள் கிடக்கும். பட்டிக்காரரிடம் கேட்டால் இடம் காட்டுவார்கள். அந்த மாடு எத்தனை வயது, எங்கெங்கே மேய்ந்தது, கடைசி மாதங்களில் என்ன தின்றது என்பதையும் அவர்களே சொல்வார்கள். அந்தத் தகவல்தான் எலும்பைவிட விலை உயர்ந்தது, அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பன்றித் தாடை ஒன்றும் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்பிடுவதற்கு அவசியப்படும்.

மூன்று எச்சரிக்கைகள். திடீரெனச் செத்து மூக்கிலும் வாயிலும் கறுத்த இரத்தம் கசிந்து கிடக்கும் மாட்டை நெருங்கவே வேண்டாம். அது அந்திராக்ஸாக இருக்கலாம். கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள். யானையின் எலும்போ பல்லோ கண்ணில் பட்டால் தொடாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்; வீட்டில் வைத்திருந்தால் சட்டச் சிக்கல். உயிரோடு இருக்கும் யானையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அந்திப் பொழுதுக்கு முன் திரும்பிவிடுங்கள்.

துப்புரவாக்குதல்

காய்ந்த எலும்பென்றால் சவர்க்காரத் தூள் கரைத்த நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். சதை ஒட்டியிருந்தால் மூடியுள்ள வாளியில் நீர் நிறைத்து, வீட்டிலிருந்து தள்ளி, காற்றடிக்கும் திசை பார்த்து வையுங்கள். சில வாரங்களில் நுண்ணுயிர்களே வேலையை முடித்துவிடும். நாற்றத்துக்கு நான் பொறுப்பல்ல. இடையிடையே நீரை மாற்றுங்கள், ஆனால் வடித்து ஊற்றுங்கள். இல்லையேல் தளர்ந்த வெட்டும் பற்கள் நீரோடு போய்விடும். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டில் ஒரு நாள் இருந்தால் வெளுக்கும். கழிவறை கழுவும் குளோரின் கரைசலைப் பயன்படுத்தாதீர்கள். எலும்பு உதிரத் தொடங்கும். கொதிக்க வைப்பதும் கூடாது, எனாமல் வெடிக்கும். கையுறையும் முகக்கவசமும் எல்லா நேரத்திலும் வேண்டும்.

பல்லைப் பார்த்தல்

இங்கே அவசரப்படாதீர்கள். மாட்டின் கீழ்த்தாடையை மேசையில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து முன்னுக்கு வாருங்கள். கடைசிக் கடைவாய்ப்பல்லில் மூன்று மடல்கள் தெரியும். அதற்கு முன்னுள்ள இரண்டு கடைவாய்ப்பற்களுக்கும் இரண்டிரண்டு மடல்கள்தான். மேற்பரப்பில் விரலை ஓட்டுங்கள். வெள்ளையான எனாமல் வரம்புகள் பிறை பிறையாக எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கிடையே பழுப்பு நிற டென்டீன் பள்ளமாகக் குழிந்திருக்கிறது. மடல்களுக்கு வெளியே அழுக்குப் போலப் படிந்திருப்பது பற்சீமெந்து. கடினத்தில் மூன்றும் மூன்று தரம், அதனால் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. அம்மி வழவழத்துப்போனால் பொளிய ஆள் கூப்பிட வேண்டும். மாட்டின் பல் அரைக்க அரைக்கத் தன்னைத்தானே பொளிந்துகொள்கிறது.

இப்போது பன்றியின் தாடையை எடுத்து வையுங்கள். பிறைகள் இல்லை, உருண்டையான மேடுகள். கிழங்கு, பழம், புழு, எது கிடைத்தாலும் நசுக்கித் தின்னும் வாய் அது. நம்முடைய பல்லும் அந்த வகைதான்.

அடுத்து உயரம். தாடைக்கு மேலே தெரிவது பல்லின் தலை மட்டும். முழு உயரத்தைக் காண வேண்டுமானால், கன்னப் பக்கத்து எலும்பை இரும்பு அறுக்கும் வாளால் இரண்டு இடத்தில் நெட்டாக அறுத்துப் பலகைபோல் பெயர்த்தெடுங்கள். உள்ளே நிற்பதைப் பார்த்து என் மாணவர்கள் எப்போதும் வாய் பிளப்பார்கள். வெளியே விரல்நுனி அளவு தெரிந்த பல் தாடையின் அடிவரை இறங்கியிருக்கும். வேணியர் இடுக்கிமானியால் நுனியிலிருந்து எனாமல் முடியும் இடம்வரை உயரத்தையும், மிகப் பருத்த இடத்தில் அகலத்தையும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். மூன்றாவது கடைவாய்ப்பல் முளைத்து நுனி சற்றே தேயத் தொடங்கிய மாடாகப் பாருங்கள். இரண்டு இரண்டரை வயதில் அது முளைக்கும். அப்படிப்பட்ட பல்லில் உயரம் அகலத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் வரும். மனிதப் பல்லுக்கு ஒன்றுக்கும் குறைவு. கிழட்டு மாட்டுப் பல்லை அளந்துவிட்டு முடிவு எழுதுவது வீண். தேய்ந்தது போக மிச்சத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஏன் இவ்வளவு உயரம்? புல்லில் சிலிக்கா உண்டு, அது பல்லைத் தேய்க்கும் என்பது பாடப்புத்தகப் பதில். ஆவணி மாதத்தில் மேய்ச்சற்தரைக்குப் போய்க் குனிந்து ஒரு கைப்பிடி புல்லைப் பிடுங்கிப் பாருங்கள். புல் பாதி, புழுதி பாதி. தரையோடு தரையாகக் கடிக்கும் மாடு ஒவ்வொரு வாய்க்கும் மணலையும் சேர்த்து அரைக்கிறது. நான் புழுதியின் கட்சி. தென் அமெரிக்காவில் பட்டகோனியாவின் படிவுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. அங்கே ஏறத்தாழ 38 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே உயர்ந்த பல்லுடைய விலங்குகள் இருந்தன, ஆனால் அப்போது அங்கே புல்வெளி இல்லை. எரிமலைச் சாம்பல்தான் இலைகள்மேல் படிந்துகொண்டிருந்தது. ஆகவே உயர்ந்த பல் என்றால் புல்வெளி என்று எழுதாதீர்கள். தேய்மானம் மிகுந்த உணவு என்று எழுதுங்கள். திறந்த வெளி, வறண்ட பருவம், காற்றில் புழுதி என்ற வாய்ப்புகள் அதிலிருந்து வரும்.

தேய்வை வாசித்தல்

பல்லின் உயரம் பரம்பரையின் கதை. அந்த ஒரு விலங்கு தன் வாழ்நாளில் என்ன தின்றது என்பதைத் தேய்வு சொல்லும். மேல்தாடையின் இரண்டாவது கடைவாய்ப்பல்லைக் கன்னப் பக்கமிருந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முனைகள் உயர்ந்து கூராக நின்றால், இலை தழை கடித்த விலங்கு. பல்லோடு பல் உரசி முனை தீட்டப்பட்டிருக்கிறது. முனைகள் தாழ்ந்து மழுங்கியிருந்தால், புல்லும் மண்ணும் அராவியிருக்கின்றன. 2000 ஆம் ஆண்டில் போர்ட்டீலியஸ், சொலூனியாஸ் என்ற இருவர் முறைப்படுத்திய வழி இது. வெறும் கண் போதும் என்பதால் எனக்குப் பிடித்தது. ஆட்டையும் மாட்டையும் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைத் தேடுங்கள். வேலியோரத்துக் கிளுவையை எட்டிக் கடிக்கும் ஆடும், தரையை நக்கும் மாடும் ஒரே வளவில் வளர்ந்திருந்தாலும் முனைகள் வேறுபட வேண்டும். மிக இளையதையும் மிகக் கிழடையும் தள்ளிவிடுங்கள்.

நுணுக்குக்காட்டியில் கீறலையும் குழியையும் எண்ணும் முறையும் உண்டு. அது சாவுக்கு முந்திய சில நாட்களின் அல்லது வாரங்களின் சாப்பாட்டைத்தான் காட்டும். பாடசாலைக் கருவிகளால் முடியாத காரியம், விட்டுவிடலாம்.

கால் எலும்பையும் விடாதீர்கள்

மாட்டின் முழங்காலுக்குக் கீழே உள்ள ஒற்றை நீள எலும்பை எடுத்து முன்பக்கத்தில் நகத்தால் வருடுங்கள். நடுவே ஒரு தவாளிப்பு மேலிருந்து கீழாக ஓடும். கீழ்முனை இரண்டாகப் பிரிந்து நிற்கும். அது ஓர் எலும்பல்ல, மூன்றாம் நான்காம் விரல்களுக்குரிய இரண்டு எலும்புகள் ஒன்றாகிவிட்டன. பன்றியில் அவை இன்னும் தனித்தனி. கெட்டித் தரையில் நெடுந்தூரம் நடக்கவும் ஓடவும் ஏற்ற அமைப்பு மாட்டுடையது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு குதிரைப் படத்துக்கு வாருங்கள். ஏறத்தாழ 55 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் காடுகளில் நரியளவில் ஒரு குதிரை. முன்காலில் நாலு விரல், பின்காலில் மூன்று, பல்லோ குட்டை. 56 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென 5 முதல் 8 பாகை செல்சியஸ் வரை சூடேறியபோது, வயோமிங்கில் வாழ்ந்த சிவ்ரிப்பஸ் என்ற ஆதிக்குதிரை சுமார் 30 சதவீதம் சிறுத்து வீட்டுப் பூனையளவுக்கு வந்தது. வெப்பம் தணிந்ததும் மறுபடி பெருத்தது. 34 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அந்தாட்டிக்காவில் பனி படிந்து உலகம் குளிர்ந்தது. ஐரோப்பாவில் பழைய முலையூட்டிகள் பல அழிந்து ஆசியாவிலிருந்து புதியவை வந்தேறின. 15 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரேயே மெரிக்கிப்பஸ் என்ற குதிரை உயர்ந்த பல்லோடு நிற்கிறது, மூன்று விரல்களோடுதான். படத்தில் இவை படிக்கட்டுப் போல வரிசையாக வருவது அச்சடித்தவரின் வசதி. அந்தக் காலத்து வட அமெரிக்காவில் பத்துக்கும் மேற்பட்ட குதிரைச் சாதிகள் ஒன்றாகவே வாழ்ந்தன. புல் தின்றவையும் உண்டு, பழையபடி இலை கடித்தவையும் உண்டு.

காபன்: வைக்கோல் தின்ற மாட்டின் பொய்

இந்தப் படிக்கு ஆய்வுகூடம் வேண்டும், நாம் செய்ய முடியாது. ஆனாலும் உயர்தர உயிரியல் படித்தவருக்கு இதில்தான் சுவை அதிகம். ஒளித்தொகுப்பில் காபனைப் பிடிக்கும் வழியை வைத்துத் தாவரங்களைச் சி3, சி4 என்று பிரிப்பார்கள். நெல்லும் மரங்களும் சி3 தாவரங்கள். கரும்பு, சோளம், வெப்பவலயப் புற்களில் பெரும்பாலானவை சி4. இரண்டும் காபனின் பாரமான வடிவமான காபன்-13 சமதானியை வெவ்வேறு அளவில் எடுத்துக்கொள்கின்றன. ஒரு பொது நியமத்தோடு ஒப்பிட்டுக் கூடுதல் குறைவாக அதைச் சொல்வார்கள்: சி3 தாவரத்தில் அது சராசரியாக ஆயிரத்துக்கு −27, சி4 இல் −13 அளவில் நிற்கும். பெரிய தாவரவுண்ணியின் எனாமலில் அதற்கு மேல் 14 அளவு கூடிப் பதியும். ஆக, காட்டு இலை மட்டும் தின்ற விலங்கு −13 ஐயும், சி4 புல் மட்டும் தின்றது +1 ஐயும் சுற்றி நிற்கும்.

இனி ஹிங்குரானைக் கரும்புத் தோட்டத்தில் திருட்டுத்தனமாக மேயும் மாட்டையும், அறுவடைக்குப் பிறகு வட்டையில் வைக்கோல் தின்னும் மாட்டையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் தின்பது புல் குடும்பம்தான். ஆனால் வைக்கோல் மாட்டின் எனாமல், காட்டில் இலை கடித்த மான் என்று சாட்சி சொல்லும், ஏனெனில் நெல் சி3. அந்த நேரத்தில் பொய்யைக் காட்டிக்கொடுப்பது பல்லின் உயரமும் மழுங்கிய முனைகளும்தான். ஒரு சான்றை மட்டும் நம்பக்கூடாது என்று வகுப்பில் சொல்லும்போது நான் காட்டும் உதாரணம் இதுவே.

இன்னொன்றும் உண்டு. பல்லின் நுனி முதலில் உருவாகிறது, அடி கடைசியில். இடையில் பல மாதங்கள். எங்கள் மாடுகள் வேளாண்மைக் காலத்தில் வயலை விட்டு மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் போய்க் காட்டுப் புல் மேயும். அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் திரும்பும். அப்படிப் போய்வந்த கன்றின் பல்லை நுனியிலிருந்து அடிவரை வரிவரியாகச் சுரண்டி ஆராய்ந்தால் அந்தப் போக்குவரத்தே பதிந்திருக்க வேண்டும். உயிர்ச்சுவட்டுப் பற்களில் பருவ மாற்றத்தையும் இடப்பெயர்வையும் இதே வழியில்தான் தேடுகிறார்கள்.

இந்தக் கணக்கின் பெரிய வெற்றி நமக்கு வடக்கே, இமயத்தின் அடிவாரச் சிவாலிக் படிவுகளில் கிடைத்தது. 1989 இல் ஜே குவேட், தூரே செர்லிங் முதலானோர் பாகிஸ்தானின் பழைய மண்படைகளை ஆராய்ந்து, காடு சார்ந்த சி3 தாவரங்களின் இடத்தைச் சி4 புற்கள் பிடித்ததைக் காட்டினார்கள். 8 முதல் 6 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நடந்த மாற்றம் அது. விலங்குகளின் பற்களும் அதையே சொல்கின்றன. சிவபிதெக்கஸ் என்ற வாலில்லாக் குரங்கு அந்த மாற்றத்தின் வாசலில் மறைகிறது. பலவகையாகப் பெருகியிருந்த சருகுமான் குடும்பம் சுருங்குகிறது. நம் காடுகளில் இன்றும் சருகுக்குள் ஒளியும் சிறு விலங்கின் உறவுகள் அவை. இதுவரைக்கும் படிகள் உறுதி. கடைசிப் படியில்தான் சண்டை. பருவக்காற்று வலுத்தது காரணமென்று முதலில் எழுதினார்கள். காற்றில் காபனீரொட்சைட்டு குறைந்தது, வறட்சி, அடிக்கடி மூண்ட தீ என்று பிறகு வந்தவர்கள் வேறு வேறாக எழுதினார்கள். தாவரம் மாறியதில் எவருக்கும் ஐயமில்லை. மழை எப்படி மாறியது என்பதில்தான் இழுபறி.

யானை இன்னொரு பாடம் தருகிறது. கிழக்கு ஆபிரிக்காவில் யானைக் கூட்டத்தின் மூதாதைகள் ஏறத்தாழ 8 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே புல்லுக்கு மாறிவிட்டன என்று காபன் சொல்கிறது. பல் உயர்ந்து அதிலுள்ள எனாமல் தகடுகள் பெருகியதோ சுமார் 3 மில்லியன் ஆண்டுகள் பிந்தி. பொருந்தாத பல்லோடு அத்தனை தலைமுறை புல் தின்றிருக்கின்றன. பழக்கம் முன்னே போகிறது, உடல் பின்னே வருகிறது. இன்று லாகுகலைக் குளத்தில் புல்லைப் பிடுங்கி மண் உதறித் தின்னும் அதே யானை, காட்டுக்குள் போனால் பட்டையும் இலையும் தின்னும். அதன் பல்லை மட்டும் பார்த்தால் வெறும் புல்தின்னி என்றே எழுதிவிடுவோம்.

இரத்தினபுரிக்குப் போகும்போது

இலங்கையின் உயிர்ச்சுவட்டு முலையூட்டிகளைக் காண இரத்தினபுரி, கொழும்பு அருங்காட்சியகங்களுக்குப் போக வேண்டும். மாணிக்கம் தோண்டுவோரின் குழிகளில், இல்லம் எனப்படும் பரல்படையில் அகப்பட்டவை அவை. நீர்யானை, இரண்டு வகைக் காண்டாமிருகம், காட்டெருது, சிங்கம், புலி. பெரும்பகுதியை விவரித்துப் பெயரிட்டவர் தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. சிங்கத்துக்குக் குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களே சான்று.

நீர்யானை என்றதும் வற்றாத ஆறும் குளமும் மனத்தில் வரட்டும். கரையோரப் புல்லும் வரட்டும். ஆனால் எல்லா விலங்கையும் ஒரே படத்தில் வரைந்துவிடாதீர்கள். ஆறுகள் வாரிக்கொண்டு வந்து கொட்டிய பரல் அது. வெவ்வேறு காலத்து எலும்புகள் ஒரே குழியில் கலந்து கிடக்கும். சிங்கம் ஒரு வறண்ட காலத்ததாகவும் நீர்யானை ஈரமான காலத்ததாகவும் இருக்கலாம். இவை இங்கே எப்படி வந்தன என்பதற்கு மட்டும் விடை எளிது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தபோது பாக்கு நீரிணை நடந்து கடக்கும் தரை. அதற்கு முந்திய பனிக்காலங்களிலும் அப்படியே.

போகும்போது உங்கள் மாட்டுப் பல்லின் அளவுகளும் பக்கவாட்டுப் படமும் கைவசம் இருக்கட்டும். கண்ணாடிப் பேழைக்குள் பல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். மேற்பரப்பு தெரிந்தால் பிறையா மேடா என்று குறியுங்கள், கன்னப் பக்கம் தெரிந்தால் உயரத்தையும் முனைகளையும் குறியுங்கள். காட்டெருதின் பல்லுக்கு முன்னால் அதிக நேரம் நில்லுங்கள், உங்கள் மாட்டுக்கு நெருங்கிய உறவு அதுதான். காண்டாமிருகப் பல்லில் மாட்டின் பிறைகளைத் தேடாதீர்கள். அங்கே வரம்புகள் வேறு விதமாக ஓடும், பார்த்து வரைந்துகொள்ளுங்கள். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால், பேழையின் விளிம்பில் ஓர் அடிமட்டத்தை வைத்து, பிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். கண்ணாடியில் ஒளி தெறித்தால் எனாமல் வரம்பு எதுவும் தெரியாது.